வீட்டுக்காரர் ஊற வச்ச பியர்

என் வீட்டுக்காரர் தவறி மூணு வாரம். அவர் ஊற வச்ச பியர் வாளிய இன்னைக்குத்தான் திறந்தேன், கொட்டிடலாம்னு.

கொழுந்தன் தடுத்தாரு. "அண்ணி, ஹைட்ரோமீட்டர் போட்டுப் பாருங்க. புளிக்கப் புளிக்க அதுல நம்பர் இறங்கும்."

கண்ணாடிக் குழாயில பியர ஊத்தி மீட்டர மிதக்க விட்டேன். 1.016. மூடியில அவர் கடைசியா எழுதியிருந்ததும் அதேதான்.

"அவரோடயே இதுவும் நின்னுருச்சு"ன்னேன்.

"குமிழ் ஒட்டியிருந்தா மீட்டரத் தூக்கிக் காட்டும். ஒரு சுத்து சுத்திவிட்டு, கண்ணுக்கு நேரா வச்சுப் பாருங்க."

சுத்தினேன். குமிழெல்லாம் கழண்டு, மீட்டர் மெதுவா இறங்கி 1.010ல நின்னுச்சு.

ஆள் போனது தெரியாம, மூடிக்குள்ள அவர் வேலை இத்தனை நாளும் நடந்துக்கிட்டே இருந்திருக்கு.

கொட்ட மனசு வரல. போத்தல்ல அடைச்சிட்டேன். தெமோதரைப் பக்கம் குடிக்கத் தைரியம் உள்ளவங்க யாராவது இருக்கீங்களா?