கோட்டைச் சுவரில் இறங்கிய ஆண்புறா

சதுரங்கப்பட்டினத்தில் என் மாமுவுக்கு, அதாவது அம்மாவின் அண்ணனுக்கு, புறாக்களின் வம்சம் அத்துப்படி. எந்த ஆண் எந்தப் பெட்டைக்குப் பிறந்தது, அதன் பாட்டன் எப்படிப்பட்டது என்பதெல்லாம் யோசிக்காமல் சொல்வார். அவரும் அவர் மகளும் இருந்த வீட்டில்தான் அம்மாவும் அண்ணனும் நானும் ஒண்டியிருந்தோம். என்னைப் பெற்ற அத்தா பினாங்குக்கு வியாபாரத்துக்குப் போனவர். அங்கே வேறு நிக்காஹ் செய்துகொண்டார் என்பது ஊருக்கே தெரியும். எனக்கு மட்டும், வேலை அதிகம் என்று சொல்லி வைத்திருந்தார்கள்.

அந்த வருடம் சாம்பல் நிற ஆண்புறா ஒன்று முதன்முதலாக ஜோடி சேர்ந்தது. பெட்டை முட்டையிட்ட அன்றே மாமு அந்த ஆணைக் குழம்புக்கு அறுக்கக் கத்தியைத் தீட்டினார். அதன் தகப்பன், அடைகாத்துக்கொண்டிருந்த பெட்டையை விட்டுவிட்டு, பாழடைந்த டச்சுக்காரன் கோட்டையில் திரியும் புறாக்களோடு போய்விட்டதாம்.

"அப்பன் புத்தி ரத்தத்துல கீது. இதுவும் ஓடிடும்" என்றார்.

அவரை எதிர்த்துப் பேசியே அறியாத அம்மா, "உட்டுத்தான் பாரேன் அண்ணே. திரும்பி வந்தா இன்னா சொல்வ?" என்றாள்.

"வந்தா நான் சொன்னது தப்புன்னு ஒத்துக்கறேன்."

மறுநாள் விடிந்ததும், செங்கல்பட்டு ஜவுளிக்கடையில் வேலை பார்த்த என் அண்ணன் அதைக் கூடையில் வைத்து பஸ்ஸில் கொண்டுபோனான். இறங்கியதும் பறக்கவிட வேண்டும் என்று பேச்சு.

பகலில் அடைகாப்பது ஆணின் முறை. ஆண் வரவில்லை. முந்தின மாலையிலிருந்து பெட்டை எழுந்திருக்கவே இல்லை. நான் பக்கத்தில் வைத்த கம்புத் தானியத்தையும் தொடவில்லை. எழுந்தால் முட்டை ஆறிவிடும். எந்தச் சிறகுச் சத்தம் கேட்டாலும் கழுத்தை மட்டும் தூக்கிப் பார்த்தது. அம்மா அடுப்புகூடப் பற்றவைக்காமல் மாடியிலேயே நின்றாள்.

மதியம் லுஹர் தொழுதுவிட்டு மாமு மேலே வந்தபோது, சாம்பல் புறா எங்கள் வீட்டைத் தாண்டிப் பறந்து, கோட்டைச் சுவரில், அங்கிருந்த புறாக்களுக்கு நடுவில் இறங்கியது.

"பாத்தியா? நான் சொல்லல?"

என் தோளைப் பற்றியிருந்த அம்மாவின் விரல்கள் அழுந்தியதில் வலித்தது.

வெயில் தாழ்ந்த பிறகு அது கிளம்பியது. மிகத் தாழ்வாக, தடுமாறித் தடுமாறி வந்தது. இறக்கைக்கு அடியில் ரத்தம் காய்ந்திருந்தது. வழியில் வல்லூறு அடித்திருக்க வேண்டும். முடியாமல்தான் சுவரில் உட்கார்ந்திருக்கிறது. நேராகக் கூண்டுக்குள் போய்ப் பெட்டையை நெட்டித் தள்ளிவிட்டு முட்டைமேல் அமர்ந்தது. தண்ணீரில் அலகை வைத்த பெட்டை எடுக்கவே இல்லை.

நான் கைதட்டிக் குதித்தேன்.

"இப்ப இன்னா சொல்ற அண்ணே?" அம்மா அவர் பக்கம் திரும்பினாள். "என் பெரிய புள்ளைக்கு உன் பொண்ணக் குடுப்பியா?"

மாமு புறாவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"புறா வேற, மனுசன் வேற. ரெண்டையும் ஒண்ணா வெச்சிப் பேசாத."

படியிறங்கிப் போய்விட்டார். அம்மா முக்காட்டு நுனியை வாயில் அழுத்திக்கொண்டு அழுதாள். புறா பிழைக்காதோ என்றுதான் அழுகிறாள் என்று நினைத்தேன்.

"அழுவாதம்மா, மஞ்சா வெச்சா ஆறிடும்" என்று அவளைத் தேற்றினேன்.