மேற்குக் காற்றில் வந்த பதில்

மாதாவின் பிள்ளைகளே, என் மகள் ஜெனிஃபரையும் அவள் வயிற்றில் இருந்த குழந்தையையும் ஆண்டவர் எனக்குத் திருப்பிக் கொடுத்ததைச் சொல்ல வந்திருக்கிறேன். என் பெயர் ஆரோக்கியமேரி. ராயபுரத்தில் இட்லி மாவு அரைத்து விற்கிறேன். எனக்கு வாய் நீளம் என்று இந்தப் பங்குக் கோயிலில் எல்லோருக்கும் தெரியும். சாட்சி சொல்லும்போதாவது அடக்கிக்கொள் என்று வீட்டுக்காரர் சொல்லி அனுப்பினார். பார்க்கலாம்.

2021-ஆம் வருடம், இரண்டாம் அலை. எங்கள் தெருவில் எட்டு மாதக் கர்ப்பிணி ஒருத்தி கொரோனாவில் போய்விட்டாள். வயிற்றுப் பிள்ளையும் போய்விட்டது. என் கடையில்தான் மாவு வாங்குவாள். புளித்த மாவாகக் கொடுங்கள் அக்கா, வாய்க்கு அதுதான் பிடிக்கிறது என்று கேட்டு வாங்குவாள். ஆம்புலன்ஸ் தெருமுனை திரும்பியதை நான் கடையில் நின்று பார்த்தேன். அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. ஜெனிஃபருக்கு அப்போது ஐந்தாம் மாதம். திருவொற்றியூரில் மாமியார் வீட்டில் இருந்தாள். மாப்பிள்ளை டேவிட் சாத்தாங்காடு இரும்பு மார்க்கெட்டில் கிரேன் ஓட்டுகிறவர். பகலெல்லாம் வெளியூர் லாரிக்காரர்களோடு நின்றுவிட்டு, பொழுது சாய்ந்ததும் என் மகள் இருக்கிற வீட்டுக்குத்தான் போவார். படுத்தால் எனக்கு அந்த ஆம்புலன்ஸ்தான் கண்ணில் வரும்.

ஜூலையில் ஊரடங்கைத் தளர்த்தினார்கள். கோயில் திறந்தது. வண்ணாரப்பேட்டையில் ஜவுளி எடுக்கப் போன கூட்டத்தைப் பார்த்தவர்கள், கொரோனா என்று ஒன்று வந்ததா என்றே சந்தேகப்பட்டிருப்பார்கள். கர்ப்பிணிகளும் தடுப்பூசி போட்டுக்கொள்ளலாம் என்று அரசாங்கம் சொன்னதும் அந்தச் சமயத்தில்தான். அதுவரை கர்ப்பிணிக்குக் கூடவே கூடாது என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தார்கள். இப்போது போடலாம் என்றதும் எனக்குத் தலை சுற்றியது. எப்போது போடுவது?

இந்தக் கேள்விக்கு என் கடை வாசலில் பதில் தெரியாத ஆளே கிடையாது. ஏழாம் மாதத்தில் போட்டால் காய்ச்சல் வந்து வலி எடுத்துவிடும் என்றாள் ஒருத்தி. ஒன்பதாம் மாதம்தான் கணக்கு என்றாள் அவள் பின்னால் பாத்திரத்தோடு நின்றவள். பெற்ற பிறகு போடு, பால் மறக்கடித்த பிறகு போடு, ஒரு மழைக்காலம் போகட்டும், அப்புறம் போடு. இன்னும் நல்ல ஊசி வரப்போகிறது, அவசரப்படாதே என்றார் ரிட்டயரான ஒருவர். சொந்த மகளின் கல்யாணப் பூசைக்கே, பூசை முடிகிற நேரத்தில், சாமியார் நன்மை கொடுத்து முடித்த பிறகு வந்து சேர்ந்த மனிதர் அவர். என் மகளுக்கு நேரம் குறிக்கிறார். ஒரு கிலோ மாவுக்கு ஒரு கிலோ புத்திமதி. நானும் கேட்டேன். பயந்தவள் எதையும் கேட்பாள்.

கடைசியில் மாநகராட்சி சுகாதார நிலையத்துக்கு நானே போய் டாக்டரம்மாவிடம் கேட்டேன். அவர் தலையைக்கூட நிமிர்த்தவில்லை. "இப்பவே போட்டுடுங்க. ஆனா கூட்டத்துக்குக் கூட்டிக்கிட்டுப் போகாதீங்க" என்றார். அவ்வளவுதான். இத்தனை நாள் நான் கேட்ட பேச்சு முழுக்க அந்த இரண்டு வார்த்தைக்கு முன்னால் ஒன்றுமில்லாமல் போனது. மனசு லேசாகி வெளியே வந்தேன்.

ஆனால் ஜெனிஃபர் என் வீட்டில் இல்லையே. எங்கள் பக்கத்தில் முதல் பிரசவத்துக்குப் பெண் தாய்வீடு வர வேண்டுமானால், மாமியார் வீட்டில் வளைகாப்பு நடக்க வேண்டும். அதுவரை அவள் அவர்கள் பொறுப்பு. சம்பந்தியம்மா ரெஜினாவைக் கேட்காமல் அவள் கையில் ஊசி ஏறாது. ரெஜினாவோ பிரதர் ஞானராஜைக் கேட்காமல் தலைவலித் தைலம்கூடத் தடவிக்கொள்ள மாட்டாள்.

பிரதர் ஞானராஜ் யார் என்று கேட்காதீர்கள். ஒவ்வொரு பங்கிலும் ஒருவர் இருப்பார். சாமியாரும் இல்லை, உபதேசியாரும் இல்லை. வெள்ளைச் சட்டை, கழுத்தில் பெரிய சிலுவை, வீடு வீடாகச் செபக்கூட்டம், கூட்டம் முடிந்ததும் சாப்பாடு. ஊசி பாவம் என்று அவர் சொல்லவில்லை. அப்படிச் சொல்லியிருந்தால் சமாளித்திருப்பேன். ஊசி நல்லதுதான், ஆனால் எந்த நேரத்தில் என்பது ஆண்டவருடைய சித்தம், அதைத் திருவுளச்சீட்டு போட்டுத்தான் அறிய வேண்டும் என்றார்.

ரெஜினா வீட்டில் மாதா சுரூபத்துக்கு முன்னால் செபமாலை சொல்லி, இரண்டு சீட்டு எழுதிச் சுருட்டிப் போட்டார்கள். ஒன்றில் 'இப்போது'. இன்னொன்றில் 'பிரசவத்துக்குப் பின்'. ரெஜினா கண்ணை மூடிக்கொண்டு ஒன்றை எடுத்தாள். பிரித்தால், 'இப்போது'.

நான் சத்தமாகவே மாதாவுக்கு நன்றி சொன்னேன். பிரதர் முகம் ஒரு மாதிரி ஆனது.

"சிஸ்டர், யாருக்கோ மனசு ஒருமுகப்படல. இன்னொரு தபா போட்டுப் பாக்கலாம்" என்றார்.

"ஆண்டவரு ஒரு தபா சொன்னா உங்களுக்குக் கேக்காதா பிரதர்?" என்றேன்.

"சம்பந்தி, சும்மா இருங்க. அவருக்குத் தெரியாதா இன்னா?" என்றாள் ரெஜினா.

இரண்டாம் முறை 'பிரசவத்துக்குப் பின்' வந்தது. அல்லேலூயா என்று கூடத்தில் எல்லோரும் கை தட்டினார்கள். தேர்தலில் தோற்றவன்கூட மறுபடி எண்ணச் சொல்லிக் கோர்ட்டுக்குப் போக வேண்டியிருக்கிறது. இவருக்கு அந்தச் சிரமம்கூட இல்லை. அப்போது ஜெனிஃபர் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, அதை நான் மறக்க மாட்டேன். அவளுக்குப் போட்டுக்கொள்ள வேண்டும். சொல்ல வாய் வரவில்லை. மாப்பிள்ளை தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். இரும்பு உத்தரத்தைத் தூக்குகிற மனிதருக்குத் தன் அம்மா முன்னால் தலையைத் தூக்க முடியவில்லை.

அடுத்து வளைகாப்பு. வீட்டோடு பத்துப் பேர் போதும் என்று கெஞ்சினேன்.

"இன்னா சம்பந்தி, கடத்தெரு தொறந்தாச்சு, கோயிலு தொறந்தாச்சு, நீங்க மட்டும் இன்னும் மாஸ்க்குக்குள்ளயே கீறீங்க? எம்மாம் நாளா ஒரு நல்லது கெட்டதுக்குச் சேரல" என்று ரெஜினா மொட்டைமாடியில் பந்தல் போட ஏற்பாடு செய்துவிட்டாள். வளைகாப்பு என்றால் தெரியுமல்லவா? வருகிற பெண் ஒவ்வொருத்தியும் பிள்ளையின் கன்னத்தில் சந்தனம் பூசுவாள், கையைப் பிடித்து வளையல் போடுவாள், முகத்துக்கு நேராக முகத்தை வைத்து வாழ்த்துவாள். ஊசி போடாத பெண். ஊர்பட்ட கைகள். இதற்கு முன்னால் பிரதர் ஞானராஜ் அவள் தலையில் இரண்டு கையையும் வைத்து நீளமாகச் செபிப்பார். அவர் மாஸ்க் போட்டு நான் பார்த்ததே இல்லை.

வளைகாப்பு அன்று காலைப் பூசைக்குப் போய் மாதா சுரூபத்துக்கு முன்னால் முழங்காலில் விழுந்தேன். அழுகை அடங்கவில்லை. எங்கள் தெருவில் இறந்துபோன அந்தப் பெண்ணின் முகமே வந்துகொண்டிருந்தது. "தாயே, நீயும் ஒரு பிள்ளையைச் சுமந்தவள். எனக்கு அதிசயம் வேண்டாம். அந்த ஆளின் வாயை மட்டும் மூடு" என்று கேட்டேன். இது நல்ல செபம் இல்லைதான். செத்த பிறகு உத்தரிக்கிற ஸ்தலத்தில் இந்தப் பாவத்துக்கும் சேர்த்துக் கிடந்துவிட்டுப் போகிறேன்.

சாயங்காலம் பந்தல் நிறைந்துவிட்டது. ஜெனிஃபரைப் பட்டுப்புடவையில் நாற்காலியில் உட்கார வைத்திருந்தார்கள். அவள் மட்டும்தான் மாஸ்க் போட்டிருந்தாள். போட்டோவுக்கு நன்றாக இருக்காது என்று அதையும் கழற்றச் சொல்லிக்கொண்டிருந்தாள் ஒரு சித்தி. பிரதர் முன்வரிசையில் பாயசத்தைக் குடித்துக்கொண்டிருந்தார். செபம் அவர் ஆரம்பிக்க வேண்டும், பிறகுதான் சந்தனம்.

அப்போதுதான் மேற்குக் காற்று அடித்தது.

திருவொற்றியூர்க்காரர்களுக்கு அதைச் சொல்லத் தேவையில்லை. மற்றவர்களுக்குச் சொல்கிறேன். சில நாள் மேற்கே கம்பெனிகள் இருக்கிற பக்கத்திலிருந்து ஒரு வாடை வரும். எது விடுகிறது என்று யாரும் ஒப்புக்கொள்வதில்லை. அழுகின முட்டையும் கேஸும் கலந்து குடலைப் பிடுங்கும். அன்றைக்கு அப்படி வந்தது. பந்தலில் இருந்த அத்தனை பேரும் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டார்கள். சமையல்காரர் ஓடிப்போய்ச் சாதத்தின் மேல் தட்டைக் கவிழ்த்தார். ஜெனிஃபர் குமட்டலில் குனிந்துவிட்டாள்.

பிரதர் ஞானராஜ் மட்டும் பாயசத்தைக் குடித்து முடித்தார். டம்ளரைக் கீழே வைத்துவிட்டு எழுந்தார். கையை நீட்டிக்கொண்டு ஜெனிஃபரை நோக்கி நடந்தவர், சுற்றிலும் பார்த்து, "இன்னா, எல்லாரும் மூக்கப் புடிச்சிக்கினு கீறீங்க?" என்று கேட்டார்.

அந்த வருடம் மூக்குக்கு வாசனை தெரியாமல் போனால் என்ன அர்த்தம் என்று பச்சைப் பிள்ளைக்கும் தெரியும்.

நான் எப்படி நடுவில் போய் நின்றேன் என்று எனக்கே தெரியாது. "உங்களுக்கு நாத்தம் வர்லியா பிரதர்?" என்றேன்.

"சளி சிஸ்டர். நேத்துலேந்து லேசா ஒடம்பு வலி. அவ்ளோதான்" என்றார். நீட்டின கையை அவர் இறக்கவில்லை.

"அந்தக் கை எம் பொண்ணு மேல பட்டுச்சுன்னா, நான் இன்னா பண்ணுவேன்னு எனக்கே தெரியாது. கீழ எறங்கிப் போங்க" என்றேன்.

பிறகு நடந்ததைப் பார்த்திருக்க வேண்டும். கொரோனா எல்லாம் முடிஞ்சு போச்சு என்று வாயாடிய கூட்டம், செருப்பை மாற்றி மாட்டிக்கொண்டு படியில் இறங்கியது. வாழ்த்த வந்த வாய்கள் அத்தனையும் பொத்திக்கொண்டன. போட்டோவுக்கு மாஸ்க் கழற்றச் சொன்ன சித்தி எல்லோருக்கும் முன்னால் போனாள். விசுவாசம் பேசினவர்களுடைய ஓட்டத்தை நான் அன்றைக்குத்தான் பார்த்தேன். தட்டில் சந்தனம் தொடாமல் அப்படியே இருந்தது. ஒரு கைகூட என் பிள்ளை மேல் படவில்லை.

முதல் வளையல் மாமியார் வீட்டார் போட வேண்டும் என்பது முறை. நான் கையைச் சுத்தமாகக் கழுவிக்கொண்டு வந்து, நானே அவள் இரண்டு கையிலும் வளையலை அடுக்கினேன். மாப்பிள்ளையைப் பார்த்து, "வளைகாப்பு முடிஞ்சிது மாப்ளே. எம் பொண்ண வூட்டுக்குக் கூட்டிக்கினு போறேன்" என்றேன். முதல் தடவையாக அவர் தன் அம்மாவைத் திரும்பிப் பார்க்காமல் பேசினார். "கூட்டிக்கினு போங்க அத்த. ஊசியும் போட்டுடுங்க" என்றார். ஆட்டோவில் ஜெனிஃபர் என் தோளில் சாய்ந்து ராயபுரம் வரும்வரை அழுதாள். நானும் அழுதேன்.

பிரதருக்கு டெஸ்டில் கொரோனா என்று வந்தது. ஜெனிஃபருக்கும் எடுத்தோம். இல்லை என்று வந்தது. டாக்டரம்மா கொஞ்ச நாள் வீட்டிலேயே கவனித்து, காய்ச்சல் எதுவும் இல்லை என்று பார்த்துவிட்டு வரச் சொன்னார். அப்படியே செய்தோம். ஊசி போட்ட அன்று அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு, "யம்மா, பாப்பா உதைக்குதும்மா" என்று சிரித்தாள். அத்தனை மாதத்தில் அவள் சிரித்ததை அப்போதுதான் பார்த்தேன்.

ரெஜினா தப்பவில்லை. அந்த வாரம் முழுக்க பிரதர் அவள் வீட்டில்தான் சாப்பிட்டிருக்கிறார். ஆஸ்பத்திரியில் ஆக்சிஜன் வைத்துப் பிழைத்து வந்தாள். அவளுக்காகவும் செபமாலை சொன்னேன், பல்லைக் கடித்துக்கொண்டுதான். வீட்டுக்கு வந்ததும் எனக்குப் போன் செய்து, "சம்பந்தி, எனக்கு இன்னிக்கே ஊசி போட்டுட முடியுமா, கேட்டுச் சொல்லுங்க" என்றாள். நோய் வந்து குணமானவர்கள் மூன்று மாதம் பொறுத்துத்தான் போட வேண்டும் என்று அப்போது விதி. போடச் சொன்னபோது காத்திருந்தாள். காத்திருக்கச் சொன்னபோது அழுகிறாள். வேண்டுமானால் சீட்டுப் போட்டுப் பார்க்கலாமா என்று கேட்க நாக்கு நுனி வரை வந்தது. மூச்சு வாங்கிக்கொண்டே பேசினாள், அதனால் விட்டுவிட்டேன்.

பிரதர் ஞானராஜுக்கு ஒன்றும் ஆகவில்லை. மூன்று நாள் காய்ச்சல், எழுந்து நடந்துவிட்டார். அவர் ஏப்ரல் மாதமே முதல் ஊசியும் பிறகு அடுத்ததும் சத்தமில்லாமல் போட்டுக்கொண்டவர் என்று அவர் மனைவியே சொன்னாள். ஆண்டவரின் நேரம் அவருக்கு மட்டும் முதலிலேயே தெரிந்திருக்கிறது. சீட்டு போட்டாரா என்று நான் கேட்கவில்லை. இப்போது அவரும் ஊர் ஊராகப் போய் சாட்சி சொல்கிறார், செபத்தாலேயே குணமானேன் என்று. கேட்டுவிட்டுக் காணிக்கையும் போடுகிறார்கள். மன்னிக்க வேண்டும் என்று பாவசங்கீர்த்தனத்தில் சாமியார் சொல்கிறார். முயற்சி செய்துகொண்டிருக்கிறேன்.

அந்த வருடம் அக்டோபரில் எங்களுக்குப் பெண் குழந்தை பிறந்தது. சுகப்பிரசவம். தாயும் நலம், பிள்ளையும் நலம். குழந்தையை என் கையில் கொடுத்தபோது எனக்கு யார் மேலும் கோபம் இல்லை. அது கொஞ்ச நேரம்தான், ஆனாலும் உண்மை. கர்த்தருக்கும் அவருடைய தாய்க்கும் உயிருள்ளவரை நன்றி சொல்வேன்.

அன்றிலிருந்து நான் செபிக்கிற விதம் மாறிவிட்டது. முன்பெல்லாம் மாதாவுக்கே யோசனை சொல்லிக்கொண்டிருப்பேன், கடைக்கு வருகிறவர்கள் எனக்குச் சொல்வதுபோல. நான் அந்த ஆளின் வாயை மூடச் சொன்னேன். அவள் மூக்கை மூடினாள். அதற்கு ஊரே திட்டுகிற நாற்றக் காற்றை அனுப்பினாள். அதைவிடக் குறைவான செலவில் ஒரு பந்தலைக் காலி செய்ய முடியுமா, நீங்களே சொல்லுங்கள்.

உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு பயம் வரும். இப்போதா அப்போதா என்று ஆளுக்கொரு நேரம் சொல்வார்கள். படித்த டாக்டரிடம் கேளுங்கள், சொன்னதைச் செய்யுங்கள். செய்யவிடாமல் வழியில் யாராவது நின்றால், மாதாவிடம் வந்து அழுங்கள். கட்டாயம் கேட்பாள். எப்படிச் செய்ய வேண்டும் என்று மட்டும் அவளுக்குச் சொல்லிக் கொடுக்காதீர்கள்.