அக்காவின் சம்பளம்

காரைக்குடியில் பழைய செட்டிநாட்டு வீடு ஒன்றை ஹோட்டலாக மாற்றியிருக்கிறார்கள். அங்கே வரவேற்பு மேஜையில் பல வருஷமாக உட்கார்ந்திருக்கிறேன். உட்கார்ந்திருக்கிறேன் என்பது பேச்சுக்குத்தான். அறைச் சாவி கொடுப்பது, பிள்ளையார்பட்டிக்குக் கார் சொல்வது, சுடுதண்ணீர் வரவில்லை என்று கத்துகிறவரைச் சமாதானம் செய்வது, ஆள் வராத அன்று அடுப்படியில் காய் நறுக்குவது எல்லாம் என் தலையில்தான். அங்கே எல்லோருக்கும் நான் அக்கா. முதலாளி என்னைவிடச் சின்னவர், அவரும் அக்கா என்றுதான் கூப்பிடுவார். நான் அவரை ஒருநாளும் தம்பி என்றதில்லை.

போன வருஷம் பக்கத்து நாற்காலிக்கு ஒருவர் வந்தார். திருப்பத்தூர்க்காரர், தங்கமான மனிதர். அவருக்கு மேனேஜர் என்று பெயர். முன்பதிவு எப்படிப் பார்ப்பது, எந்த அறையில் ஏசி மக்கர் பண்ணும் என்பதையெல்லாம் நான்தான் சொல்லிக்கொடுத்தேன். பிறகு இரண்டு பேரும் ஒரே வேலையைத்தான் முறைவைத்துப் பார்த்தோம். ஒருநாள் சாப்பிடும்போது வீட்டுக் கடனைச் சொல்லி அலுத்துக்கொண்டார்.

"இந்தச் சம்பளத்துல எப்புடிக்கா தள்ளுறது? நீங்க எப்புடித்தான் சமாளிக்கிறீகளோ?"

எவ்வளவு என்று கேட்டேன். சொன்னார். என் சம்பளத்தைப் போல இரண்டு மடங்கு. முதலில் எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. அவருக்கு ரசம் ஊற்றிவிட்டுக் கைகழுவப் போனபோதுதான் வயிறு எரிந்தது. அவர் மேல் இல்லை.

மறுநாள் முதலாளியிடம் போய், வேலை ஒன்றுதானே, அவருக்குக் கொடுப்பதை எனக்கும் கொடுங்கள் என்றேன்.

"என்னக்கா இப்புடிக் கேட்டுப்புட்டீக? அவரு சம்பளத்துக்கு வந்த ஆளு. நீங்க நம்ம வீட்டு ஆளாச்சே. வீட்டுக்குள்ள கணக்குப் பாப்பாகளா?"

தீபாவளிக்குப் புடவை எடுத்துத் தருவது, என் அம்மாவுக்கு முடியவில்லை என்றால் கேள்வி கேட்காமல் அனுப்புவது, எல்லாவற்றையும் சொல்லிக்காட்டினார். எதுவும் பொய்யில்லை. ஆனாலும் என் வாய் சும்மா இருக்கவில்லை.

"வீட்டு ஆளுன்னா வீட்டுல பங்குல்ல கேக்கணும் முதலாளி. நான் சம்பளந்தான கேக்குறேன்."

முதலாளி முகத்தில் சிரிப்பு அப்படியே நின்றுவிட்டது.

"சரிங்க மேடம், பாப்போம்" என்றார்.

அன்றிலிருந்து நான் மேடம். அவர் கூப்பிடுவதைக் கேட்டு, கூட்டிப் பெருக்குகிற பெண்ணும் வாட்ச்மேனும் மாற்றிக்கொண்டார்கள். அவர்களைச் சொல்லிக் குற்றமில்லை, அவர்களுக்கும் பிழைப்பு இருக்கிறது. ஆனால் அந்த வார்த்தை காதில் விழும்போதெல்லாம் வாசலுக்கு வெளியே நிற்கச் சொன்னதுபோல வலித்தது. போகட்டும், சம்பளம் ஏறினால் சரி என்று பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன்.

அந்த மாதமே எங்கள் ஊர் கண்டரமாணிக்கத்திலிருந்து, அம்மாவுக்குக் காய்ச்சல் என்று போன் வந்தது. மதியத்துக்கு மேல் போகட்டுமா என்று முதலாளியிடம் கேட்டேன்.

"தாராளமாப் போயிட்டு வாங்க மேடம்."

மாதக் கடைசியில் மேனேஜர்தான் சம்பளக் கவரை நீட்டினார். என் முகத்தை அவர் பார்க்கவில்லை. பிரித்தேன். பழைய சம்பளம்தான், அதிலும் அரைநாள் பிடித்திருந்தார்கள். "அக்கா" என்று வாயெடுத்தவர், உள்ளே முதலாளி இருப்பது ஞாபகம் வந்து நிறுத்திக்கொண்டார்.

அரைநாளைப் பிடித்தது மேடத்திடம். கவருக்குள் இருந்தது மட்டும் அக்காவின் சம்பளம்.