ஆறு ஸ்க்ரூவும் பதினெட்டு கிலோமீட்டரும்

போன வாரம் மதுரையில் ஒரு கோயில் வாசலில் என்னை நிறுத்திவிட்டார்கள்.

மெட்டல் டிடெக்டர் சட்டத்துக்குள் நுழைந்தேன். கீ என்று கத்தியது. வளையலைக் கழற்றினேன். கத்தியது. சாவிக்கொத்தைப் பையோடு மேசையில் வைத்துவிட்டு வந்தேன்... அப்போதும் கத்தியது. பெண் போலீஸ் ஒருவர் கையிலிருந்த கருவியை என் தலையிலிருந்து மெதுவாக இறக்கிக்கொண்டே வந்தார். இடது கணுக்காலுக்கு வந்ததும் அது அலறியது.

"உள்ள என்னம்மா வச்சிருக்கீங்க?"

"ஒரு தகடு, ஆறு ஸ்க்ரூ" என்றேன். புடவையை லேசாகத் தூக்கித் தழும்பைக் காட்டினேன்.

பாவம், அவர் முகம் வாடிவிட்டது. "நடக்கவே கஷ்டமா இருக்குமேம்மா?"

நடக்கவா? "இந்தக் காலோடதான் பதினெட்டு கிலோமீட்டர் ஓடியிருக்கேன்" என்றேன். பின்னால் வரிசையில் நின்றவர்களுக்கும் கேட்கிற மாதிரிதான் சொன்னேன். கோயில் வாசலில் பெருமை பேசக் கூடாதுதான். ஆனால் சில பெருமைகளை எந்த வாசலிலும் அடக்க முடிவதில்லை!

இந்தக் கதையை உங்களிடம் இதுவரை சொன்னதில்லை, இல்லையா?

தொண்ணூறுகளின் கடைசி. எனக்கு முப்பத்தொன்பது வயது. கோவில்பட்டி டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வேலை – நாள் முழுக்க உட்கார்ந்தே இருக்கிற உத்தியோகம். உடம்பு கனத்துக்கொண்டே போகிறதே என்று காலையில் நடக்க ஆரம்பித்தவள், ஒரு வருஷத்தில் ஓட ஆரம்பித்திருந்தேன். சுடிதார், அதற்கு மேல் வீட்டுக்காரரின் பழைய சட்டை, வெள்ளைக் கேன்வாஸ் ஷூ. ஊர் சிரித்தது. கொஞ்ச நாளில் ஊருக்கே அலுத்துவிட்டது.

எட்டயபுரத்துக்குப் பக்கத்தில் ஒரு கிராமத்தில் பொங்கலுக்கு ஓட்டப் போட்டி வைப்பார்கள். அங்கே தொடங்கி எப்போதும்வென்றான் என்ற ஊரில் முடியும். பதினெட்டு கிலோமீட்டர். ஆண்களுக்கு மட்டும். ஏன் ஆண்களுக்கு மட்டும்? கமிட்டி செயலாளரான ஜவுளிக்கடை அண்ணாச்சியிடமே கேட்டேன். அவர் கொஞ்சம் யோசித்துவிட்டு, "பொம்பளைய யாரும் கேக்கலியே" என்றார்.

"இப்ப நான் கேக்கேன்லா, அண்ணாச்சி?"

சிரித்துவிட்டார். வருகிற பொங்கலுக்கு நோட்டீஸில் ஒரு வரி சேர்ப்பதாக ஒப்புக்கொண்டார். சேர்க்கவும் செய்தார்: 'பெண்களும் ஓடலாம்.'

ஓடலாம் என்று போட்டாயிற்று. ஓடத்தான் ஆளில்லை. ஏனென்றால் அந்தப் பொங்கலுக்கு முந்திய ஆவணியில்தான் என் கால் ஒடிந்தது.

லாரிகளுக்குப் பயந்து மெயின் ரோட்டை விட்டு, கரிசல் காட்டுக்குள் குறுக்காக ஓடுவது என் வழக்கம். மழைக்கு முந்திய கரிசல் எப்படியிருக்கும் என்று நம் பக்கத்துக்காரர்களுக்குத் தெரியும். முழங்கை வரை உள்ளே போகிற வெடிப்புகள். ஒன்றின் மேல் காய்ந்த செத்தை மூடிக்கிடந்தது. இடது கால் உள்ளே போய்விட்டது. உடம்பு முன்னால் போய்விட்டது. நடுவில் 'டக்' என்று ஒரு சத்தம்... அவ்வளவுதான்.

கையை ஊன்றி, உட்கார்ந்தபடியே நகர்ந்து ரோட்டோரம் வந்தேன். நல்லவேளை, தீப்பெட்டித் தொழிற்சாலைக்குப் பெண்களை ஏற்றிக்கொண்டு போகிற 'தீப்பெட்டி ஆபீஸ்' வேன் வந்தது. தினமும் ஜன்னல் வழியாக எனக்குக் கை காட்டிவிட்டுப் போகிற வேன்தான். அதிலிருந்து குதித்து இறங்கினாள் பேச்சியம்மாள். முப்பது வயதிருக்கும். தன் துண்டால் என் காலை இறுக்கிக் கட்டினாள். இரண்டு பேராகத் தூக்கி சீட்டில் கிடத்தினார்கள்.

"ஓடுத காலைப் போயி ஒடிச்சுக்கிட்டீயளேக்கா" என்று வழியெல்லாம் அவள்தான் அழுதுகொண்டு வந்தாள். எனக்கு அழக்கூடத் தெம்பில்லை.

திருநெல்வேலியில் ஆபரேஷன். என் வீட்டுக்காரர் ஹார்டுவேர் கடை வைத்திருக்கிறார். எக்ஸ்ரேயை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து வெகுநேரம் பார்த்தார். "இம்புட்டுச் சின்ன சைஸ் ஸ்க்ரூ நம்ம கடையில கெடையாது ஏட்டி" என்றார். சொல்லிவிட்டுத் திரும்பி நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

டாக்டர் நல்லவர். "நடக்கலாம்மா. இந்த வயசில ஓட்டமெல்லாம் எதுக்கு?" என்றார்.

மாவுக்கட்டைப் பிரித்த அன்று என் காலை எனக்கே அடையாளம் தெரியவில்லை. கெண்டைக்கால் சூம்பிப்போய் யாரோ ஒரு குழந்தையின் கால் மாதிரி இருந்தது. தரையில் துண்டை விரித்துக் கால் விரலால் சுருட்டச் சொன்னார்கள். ஒரு சாண் சுருட்டுவதற்குள் நெற்றி வியர்த்தது. பால் பொங்குகிற வரை அடுப்பு மேடையைப் பிடித்துக்கொண்டு குதிகாலை உயர்த்தி இறக்குவேன். எக்ஸ்சேஞ்சில் காதில் ஹெட்போன், மேசைக்கு அடியில் கால் பயிற்சி. எத்தனை பேருக்கு ராங் நம்பர் கொடுத்தேனோ!

பிறகு தெருமுனை வரை நடை. பிறகு பஸ் ஸ்டாண்ட் வரை. எட்டு மாதம் கழித்து ஒரு காலையில், ஒரு லைட் கம்பத்திலிருந்து அடுத்த கம்பம் வரை ஓடினேன். வலியைவிடப் பெரிய பிரச்சினை பயம். தார் ரோட்டில் கம்பத்தின் நிழல் கோடாகக் கிடந்தால்கூட, வெடிப்பு என்று நினைத்துக் கால் தானாக நின்றுவிடும். மூளைக்குத் தெரியும், அது நிழல் என்று. காலுக்குச் சொல்லிப் புரியவைக்க மூன்று மாதம் ஆனது.

ஐப்பசியில் அண்ணாச்சியைப் பார்க்கப் போனேன்.

"போன வருசம் போட்டோம். ஒருத்தி வரலியேம்மா. மத்த மெம்பருங்க என்னையக் கேலி பண்ணுதாங்க" என்றார். ரொம்ப வாதாடினேன். கடைசியில், "அஞ்சு பேரு வரணும். அஞ்சு பேரும் ஓடி முடிக்கணும். ஒருத்தி நின்னாலும் பொறவு இந்தப் பேச்சே கூடாது" என்றார்.

ஐந்து பேருக்கு எங்கே போக? பேச்சியம்மாளிடம்தான் போனேன்.

"ஓடுததா? தெனமும் வேனைப் பிடிக்க அதானக்கா செய்யுதோம்!" என்று சிரித்தாள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவள் ஊருக்குப் போனபோது மூன்று பேரைச் சேர்த்து வைத்திருந்தாள். மூவரும் தீப்பெட்டி ஆபீஸ்தான். சேலைக்கு மேல் ஆம்பளைச் சட்டை. கேன்வாஸ் ஷூ வாங்கித் தருகிறேன் என்றேன். ஒருத்தி என்னுடையதைப் போட்டுப் பார்த்துவிட்டு, "காலைக் கட்டிப்போட்ட மாதிரி இருக்குக்கா" என்று கழற்றிக் கொடுத்துவிட்டாள்.

உடம்பைத் தயார்ப்படுத்துவது எப்படி என்று நான் விளக்கிக்கொண்டிருந்தேன். நிமிர்ந்து பார்த்தால் நாலு பேரும் ஓடையைத் தாண்டிவிட்டார்கள்!

அதன்பின் ஒவ்வொரு ஞாயிறும் போனேன். கார்த்திகை மழையில் ஒருநாள் கரிசல் என் ஷூவைப் பிடித்துக்கொண்டது. ஒவ்வொரு காலிலும் ஒரு தோசைக்கல்லைக் கட்டின கனம். அவர்களும் வழுக்கி விழுந்தார்கள். ஐந்து பேரும் ரோட்டோரம் உட்கார்ந்து குச்சியால் சேற்றைச் சுரண்டியபடி சிரித்த சிரிப்பு... அந்த நாற்பது வயது வரை எனக்கு அப்படி ஒரு சிரிப்பு வாய்த்ததில்லை.

ஒருநாள் வீட்டுக்காரர் கேட்டார்: "அவளுக நாலு பேரும் முடிச்சிருவாளுக. நீ முடிச்சிருவியா ஏட்டி?"

அதுதான் கேள்வி. அந்த ஐந்து பேரில் நின்றுவிடக்கூடிய ஒரே ஆள் நான்தான்.

பொங்கல் வந்தது. ஓட்டம் தொடங்கும்போது நன்றாக விடிந்துவிட்டது. பத்து கிலோமீட்டர் வரை ஐந்து பேரும் ஒன்றாக ஓடினோம். பதின்மூன்றில் கணுக்காலுக்குள் யாரோ ஸ்க்ரூவைத் திருகுகிற மாதிரி வலி. நொண்ட ஆரம்பித்தேன். பேச்சியம்மாள் திரும்பிப் பார்த்தாள்.

"நிக்கவாக்கா?"

"வேண்டாம், நீங்க போங்க."

"சரிக்கா, வந்து சேருங்க" என்றாள். போயேவிட்டாள்! நாலு பேரும் போய்விட்டார்கள். ஒருத்திகூட மறுபடி திரும்பிப் பார்க்கவில்லை. நான் எதிர்பார்த்தது வேறு என்று இப்போது ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்த நாலு முதுகுகளும் வெயிலில் சின்னதாகி மறைந்தபோது, வலிக்கு நடுவிலும் எனக்கு மார்பு விம்மியது. அவர்கள் எனக்காக ஓட வந்தவர்கள் இல்லை. அவர்களுக்காகவே ஓடினார்கள்.

பின்னால் கமிட்டி டெம்போ ஊர்ந்து வந்தது. "ஏறிக்கிடுங்கக்கா, தப்பில்ல" என்றார் மைக் பிடித்தவர். ஏறினால் ஐந்து நாலாகிவிடும். அடுத்த வருஷம் நோட்டீஸில் அந்த வரி இருக்காது. நூறு அடி ஓட்டம், ஐம்பது அடி நடை. மறுபடி ஓட்டம். கடையைப் பூட்டிவிட்டு வந்திருந்த வீட்டுக்காரர், தண்ணீர்க் குடத்தை மொபெட்டில் கட்டிக்கொண்டு கூடவே வந்தார். ஏறு என்றும் சொல்லவில்லை, ஓடு என்றும் சொல்லவில்லை. ஏன் என்று பிறகு கேட்டேன். "நான் எதைச் சொன்னாலும் நீ மாத்தில்லா செய்வ!" என்றார்.

எப்போதும்வென்றானுக்குள் நுழையும்போது பந்தலைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். நாற்காலிகள் வண்டியில் ஏறிவிட்டன. எல்லைக்கயிறு மட்டும் இருந்தது – கம்பத்தில் இல்லை. இந்தப் பக்கம் பேச்சியம்மாளும் ஒருத்தியும், அந்தப் பக்கம் இருவரும் கையில் பிடித்துக்கொண்டு நின்றார்கள்.

"பந்தக்காரரு அவுக்க வந்தாருக்கா. எங்க ஆளு ஒண்ணு வரணும், கயித்தை எங்க கையில குடும்னு வாங்கிட்டோம்" என்றாள்.

நெஞ்சால் அந்தக் கயிற்றைத் தொட்டேன். அப்படியே அவள் தோளில் சாய்ந்து அழுதேன். வலியால் என்று எல்லாரும் நினைத்திருப்பார்கள். நினைக்கட்டும்.

அண்ணாச்சி கட்டிவைத்திருந்த நோட்டை மறுபடி பிரித்தார். என் பெயரைத் தன் கையாலேயே எழுதினார். "அஞ்சும் வந்துட்டுல்லா... இனி எவன் கேலி பண்ணுதான்னு பாக்கேன்" என்றார். அடுத்த பொங்கலுக்கு வந்த நோட்டீஸில், பெண்களுக்கென்று தனிப் பிரிவே இருந்தது.

இந்தக் கால் எதற்காக மறுபடி ஓட வேண்டும் என்று டாக்டர் கேட்டாரே – பதில் தெரிந்துகொள்ளப் பதினெட்டு கிலோமீட்டர் ஆனது.

மற்றபடி, யார் விசாரித்தாலும் பெண்கள் பிரிவில் ஐந்தாம் இடம் என்றுதான் சொல்வேன். மொத்தம் எத்தனை பேர் ஓடினார்கள் என்று அவர்களாகக் கேட்டால்தானே!