தவக்காலத்தில் வந்த மொய்

வரதராஜன்பேட்டையில் பெனடிக்ட்டின் வேலையைப் பற்றிக் கேட்டால், "பெரம்பலூர்ல ரூம் எடுத்து, கதவ சாத்திக்கிட்டு கம்ப்யூட்டர் பாக்குறான்" என்பார்கள். அதற்கு மேல் அவன் அப்பாவுக்கும் தெரியாது. முந்திரிக் கொல்லையில் பிழைத்த குடும்பத்தில் டிகிரி வாங்கிய முதல் ஆள் அவன்தான். அந்தப் பெருமையே அவருக்குப் போதும்.

வங்கிக் கணக்குகளில் திருட்டுப் பணம் கைமாறுகிறதா என்று பார்த்துச் சொல்வதுதான் வேலை. கம்பெனி சென்னையில். திரையை அடுத்தவர் பார்க்கக் கூடாது, பார்த்ததை வெளியே பேசக் கூடாது என்று கையெழுத்து வாங்கிக்கொண்டுதான் சேர்த்தார்கள். அதனால் கூட யாரையும் தங்க வைக்காமல் மாடியில் தனி அறை. முன்பின் தெரியாத மனிதர்களின் வரவு செலவு பகலெல்லாம் கண்ணெதிரே ஓடும். பேச்சுத் துணைக்கு ஒரு ஆள் கிடையாது.

இந்த வேலைக்கு வழி காட்டியவன் செபஸ்டின். கல்லூரியில் மூத்தவன், ஜெயங்கொண்டத்தில் செல்போன் கடை வைத்திருக்கிறான். நேர்காணலுக்கு லேப்டாப் இல்லாமல் பெனடிக்ட் நின்றபோது, கடை ஷட்டரைப் பாதி இறக்கி, தன்னுடையதைக் கொடுத்து உட்கார வைத்தான். வந்தவர்களிடம், "உள்ள ஒரு ஆபீசரு உருவாயிட்டு இருக்காரு, சத்தம் போடாதீங்க" என்று சொல்லி வாசலில் காவல் நின்றான்.

ஒரு மார்ச் காலையில் திரையில் வந்த பெயர் அவனுடையது. முகவரியும் அந்தக் கடைதான். பல ஊர்க்காரர்களிடமிருந்து சரசரவெனப் பணம் வந்து, வந்த வேகத்தில் வெளியேறியிருந்தது. வங்கி விளக்கம் கேட்டதற்கு, 'போன வாரம் தங்கை கல்யாணம்; போனில் வந்த மொய்' என்று எழுதிக் கொடுத்திருந்தான்.

பெனடிக்ட்டுக்கு முதலில் சந்தேகம் வரவில்லை. வருத்தம்தான் வந்தது. தங்கச்சி கல்யாணத்துக்கு ஒரு வார்த்தை சொல்லவில்லையே. கண்ணுக்கு மறைந்தால் ஆள் அவ்வளவுதானா?

மதியம் கீழே மெஸ்ஸுக்குப் போனான். பரிமாற வந்த அம்சவள்ளி, "ஆம்லெட் போடவா தம்பி?" என்றாள்.

"வேணாங்க்கா. எங்களுக்கு இப்ப தவக்காலம். ஈஸ்டர் வரைக்கும் கவுச்சி கிடையாது."

"அப்ப கல்யாணம் காட்சி வந்தா என்னத்த போடுவீங்க, சாம்பார் சோறா?"

"தவக்காலத்துல எங்க கோயில்ல கல்யாணமே வைக்க மாட்டாங்கக்கா."

சொன்ன வாய் அப்படியே நின்றது. செபஸ்டின் வீட்டில் அவனை விட்டுவிட்டு ஒரு கல்யாணமும் நடக்கவில்லை. மனசு லேசானது. பிறகுதான் உறைத்தது: அப்படியென்றால் அந்த மொய்க் கடிதம் பொய்.

மேலே வந்து சூப்பர்வைசர் ரஞ்சித்குமாருக்குப் போன் போட்டு, அந்தக் கணக்கைப் பற்றிச் சொன்னான்.

"மொய்யின்னு லெட்டர் இருக்குல்ல? க்ளோஸ் பண்ணிடுப்பா."

மூடிவிட்டால் யாரும் கேட்கப்போவதில்லை. பெனடிக்ட்டின் கண்ணில் அந்தப் பாதி ஷட்டர் வந்து போனது.

"சார், இவரு எங்க ஆளு, கிறிஸ்தவரு. போன வாரம் கல்யாணம் நடந்திருக்காது. தவக்காலம். அப்புறம்... இவர எனக்குத் தெரியும் சார். இந்த வேலைக்கே அவரு லேப்டாப்புல உக்காந்துதான் உங்ககிட்ட பேசினேன்."

"சரி. இனிமே இத நீ தொடாத, வேற ஆள் பாக்கட்டும். அவருகிட்ட மூச்சு விடக்கூடாது, என்ன? விட்டா உன் வேலையும் போயிடும், கேசும் ஆயிடும்."

சில நாளில் செபஸ்டினே கூப்பிட்டான்.

"ஏன்டா ஆபீசரு, என் அக்கவுண்ட முடக்கிட்டானுங்க. கமிஷன் தரேன்னு ஒருத்தன் பணம் போட்டு எடுத்துக்கிட்டான், அவ்ளோதான். நீ இந்த வேலையிலதான இருக்க, என்னான்னு கேட்டு சொல்லேன்."

"எனக்குத் தெரியாதுண்ணே. பேங்க்குக்கே போயி உள்ளத சொல்லிடுங்க."

"ஒனக்கே தெரியலன்னா எவனுக்குடா தெரியும்" என்று சிரித்துக்கொண்டே வைத்தான்.

இப்போது பெனடிக்ட்டுக்கு வேலை நிரந்தரமாகிவிட்டது. அதே மாடி அறையில்தான் இருக்கிறான். செபஸ்டினின் வழக்கு எந்த நிலையில் இருக்கிறது என்று அவனுக்கு யாரும் சொல்வதில்லை. ஊருக்குப் போனால், செபஸ்டின் கடையைத் தாண்டிப் போகும் ஜெயங்கொண்டம் பஸ்ஸில் ஏறுவதில்லை. குன்னம், செந்துறை, ஆண்டிமடம் என்று பஸ் மாறி மாறிப் போகிறான்.