படகு ஏசிக்கு வாழ்க்கைப்பட்டேன்

ஏசி ஓடும்போது மெக்கானிக்கின் பெயர் யாருக்கும் நினைவிருக்காது. நின்றுவிட்டால் அவன் பரம்பரையையே இழுப்பார்கள். கம்ப்ரசரோடு மல்லுக்கட்டும் சகோதரர்களே, நீங்களாவது தரையில் கட்டினீர்கள். நான் படகில் கட்டினேன்.

எண்பதுகளில் காரைக்கால் கடலை அளக்க வந்த படகு அது. குளிர் எங்களுக்கு இல்லை, கருவிகளுக்கு. அவை இருக்கும் அறை சூடானால் வேலை படுத்துவிடும். ஏசியின் சூட்டைத் தணிக்க, படகின் அடியிலிருந்து ஒரு பம்பு கடல்தண்ணீரை உறிஞ்சித் தரும். தண்ணீர் அடைபட்டால் ஏசியும் நின்றுவிடும்.

புதுத்தண்ணீர்

அரசலாற்றில் புதுத்தண்ணீர் வந்த சமயம், முகத்துவாரத்தைத் தாண்டுவதற்குள் பம்பின் வடிகட்டியில் வண்டல் அடைத்து ஏசி நின்றது. அளவு வேலைக்குப் பொறுப்பான இன்ஜினியர் வந்து பார்த்தார். "இன்னொரு தடவ நின்னா மெட்ராஸ்லேர்ந்து ஆளக் கூப்பிட்டுக்குவேன். நீங்க ஊருக்குக் கெளம்பலாம்" என்றார்.

ஊர் சுரக்குடி. அங்கே இருந்த துண்டு வயலில் ஏற்கெனவே அண்ணன்கள் இருவர். எனக்கு வரப்பில்தான் இடம். போவதில்லை என்று அங்கேயே முடிவு கட்டினேன். முழங்கை வரை சேறோடு வடிகட்டியைக் கழுவிக்கொண்டிருந்தபோது, சுக்கான் பிடிக்கும் கருக்களாச்சேரி முருகையன் எட்டிப் பார்த்துச் சொன்னார்: "இதே வண்டல் வயலுக்கு வந்தா கும்புடுவீங்க, இங்க வந்தா திட்டுறீங்களே தம்பி!"

மாவுச் சட்டி

அதன்பிறகு தினமும் கிளம்புமுன் வடிகட்டியைக் கழுவிவிடுவேன். ஆனால் எதிரி படகுக்குள்ளேயே இருந்தார். சமையல்காரர் காசிம் பாய், இட்லி மாவு புளித்துப் பொங்காமல் இருக்கட்டும் என்று சட்டியைக் கருவி அறையில் வைத்துத் துணியால் மூடியிருந்தார். ஏசி காற்றை உள்ளிழுக்கும் சல்லடை பக்கத்திலேயே. துணி போய் அதில் ஒட்டிக்கொள்ள, காற்றில்லாமல் உள்ளே பனிக்கட்டி பிடித்துவிட்டது. சத்தம் மாறியதைக் கேட்டு ஓடிப்போய், நிற்பதற்குள் துணியைப் பிடுங்கினேன். வந்த ஆத்திரத்தில் சட்டியைக் கடலில் போட்டிருப்பேன். பாய் முந்திக்கொண்டார்: "மாவு வீணாப்போனா நீங்கதான் பட்டினி. ஒங்க மிஷினு எதுக்கு எந்துணியப் புடிச்சு இழுக்குது?"

சாமந்தி மாலை

ஆயுத பூஜைக்கு ஏசிக்கும் பொட்டு வைத்து மாலை போட்டோம். மறுநாள் காலை முருகையன் பயபக்தியோடு மாலையைக் கழற்றினார். பூஜை மாலையைக் குப்பையில் போடுவாரா? படகோரமாகத் தண்ணீரில் விட்டார். அதற்கு நேர்கீழேதான் பம்பின் வாய் இருந்தது.

கடலுக்குள் போனதும் ஏசி நின்றது. வடிகட்டியைத் திறந்தால் சாமந்தி இதழ்கள். மாலை வெளியே, படகின் அடியில் வாயை அடைத்துக்கொண்டிருந்தது. "கருவி சூடாகுறதுக்குள்ள ஏசிய ஓட்டிடுங்க. இல்லன்னா சொன்னது சொன்னதுதான்" என்றார் இன்ஜினியர்.

"நான் எறங்குறேன் தம்பி" என்றார் முருகையன், முகம் செத்துப்போய். அவருக்குக் கடல் வீட்டு வாசல் மாதிரி. நான் வாய்க்காலில் நீந்தியவன். பயமாகத்தான் இருந்தது. ஆனால் போகப்போவது என் பிழைப்பு. பம்பையும் இன்ஜினையும் நிறுத்தச் சொல்லி, இடுப்பில் கயிற்றைக் கட்டிக்கொண்டு குதித்தேன். முதலில் மூச்சு முட்டி மேலே வந்தேன். மறுபடி முங்கினேன். மாலையின் வாழைநார் கைக்கு அகப்பட்டதும் விடாமல் இழுத்தேன். ஏறி வந்தபோது பாதி மாலை என் தோளில் கிடந்தது.

பம்பு ஓடியது, அறை குளிர்ந்தது. இன்ஜினியர் என்னைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தார்: "மெட்ராஸ் ஆளு வேணாம், நீங்களே இருங்க. ஆனா அடுத்த வருஷம் ஏசிக்குப் பொட்டோட நிறுத்திக்குவோம்."

அந்தப் படகில் இருந்த காலமெல்லாம் குளிரைக் கட்டிக் காத்த எனக்கு, உடம்பு குளிர்ந்தது கடலில் குதித்த அந்த ஒரு நாள்தான்.