பூக்கட்டிப் பார்த்த பால் பவுடர்

என் மகள் பிறந்த முப்பத்தாறாவது நாள், நாலு பெரியவர்கள் சேர்ந்து ஒரு பால் பவுடரைத் தேர்ந்தெடுப்பதற்காக ஆட்டோ பிடித்துக் கோயிலுக்குப் போனார்கள். இதைச் சொன்னால் இன்று வரை ஒருவரும் நம்புவதில்லை. அந்தப் பவுடருக்காக அழுத பிள்ளை என் மடியில்தான் கிடந்தது, அதனால் எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது.

தலைப்பிரசவத்துக்கு அம்மா வீட்டுக்கு வந்திருந்தேன். சங்கரன்கோவிலில் அப்பாவுக்கு உரமும் விதையும் விற்கிற கடை. மகள் ராப்பகலாக என்னிடமே கிடந்தாள். குடிப்பாள், கண் அசருவாள், பத்தே நிமிடத்தில் மறுபடி வீறிடுவாள். பால் ஊறும் என்று அம்மா பூண்டை அவித்துப் போட்டாள், சுறாப்புட்டு கிண்டினாள், பேறுகால மருந்தை உருண்டை பிடித்துக் கொடுத்தாள். எனக்கு எடை ஏறியது. பிள்ளைக்கு ஏறவில்லை.

அது எப்படித் தெரிந்தது என்றால், அப்பா கடையிலிருந்து தராசைக் கொண்டுவந்து கூடத்தில் வைத்துவிட்டார். மிளகாய் விதையும் தக்காளி விதையும் நிறுக்கிற எலக்ட்ரானிக் தராசு, ஒரு கிராம் பிசகாது. குடிக்கும் முன் ஒரு தடவை, குடித்த பின் ஒரு தடவை பிள்ளையை அதில் கிடத்துவார். "இருபத்திமூணு கிராம்தான்ட்டி ஏறியிருக்கு!" என்று கூடத்திலிருந்து சத்தம் கொடுப்பார். பக்கத்து வீட்டு மாமி மறுநாள் என்னிடம், "இன்னைக்கு எத்தனை?" என்று கேட்டாள். பள்ளிக்கூடத்தில் கணக்கில் பெயிலானபோதுகூட எனக்கு அவ்வளவு கூச்சமாக இருந்ததில்லை.

தராசு சொன்னதைத்தான் டாக்டரம்மாவும் சொன்னார். தாய்ப்பாலை நிறுத்தக் கூடாது, ஒவ்வொரு தடவையும் முதலில் அதைத்தான் கொடுக்க வேண்டும், அதற்குப் பிறகும் பசித்தால் பவுடர் பால். எந்தப் பவுடர் என்று அப்பா கேட்டார்.

"பேரெல்லாம் நான் சொல்லக் கூடாதுய்யா. ஒண்ணாம் நம்பர் போட்டிருக்கும், ஆறு மாசம் வரைக்கும் உள்ளது. அதுல எதுவானாலும் சரி."

எதுவானாலும் சரி என்பதை எங்கள் வீட்டார் தாங்க மாட்டார்கள். கடைக்கு வருகிற சம்சாரி பருத்திக்கு என்ன மருந்து அடிக்க என்று கேட்டால், எதுவானாலும் சரி என்று அப்பா ஒருநாளும் சொன்னதில்லை. சொன்னால் அந்த ஆள் நேராக எதிர்க்கடைக்குப் போய்விடுவார். ஆட்டோவில் வரும்போது அப்பா புலம்பிக்கொண்டே வந்தார். "என்ன டாக்டரு இவுக? நெஞ்சுக்குள்ள ஒரு பேரு இருக்கு. வெளிய விட மாட்டேங்காக."

மறுநாள் காலையில் அப்பா மருந்துக் கடையில் அரை மணி நேரம் நின்றாராம். ஒவ்வொரு டப்பாவையும் திருப்பி உர மூட்டையைப் படிக்கிற மாதிரி படித்தாராம். கடைசியில் ஒன்றை மஞ்சள் பையில் போட்டுக்கொண்டு வெற்றி முகத்தோடு வீட்டுக்கு வந்தார்.

அவர் செருப்பைக் கழற்றிக்கொண்டிருக்கும்போதே போனில் சேதி கேட்டுப் புளியங்குடியிலிருந்து என் மாமனாரும் மாமியாரும் வந்து இறங்கினார்கள். மாமாவுக்கு அங்கே எலுமிச்சை மண்டி. ஒரு சாக்கு எலுமிச்சம்பழமும், பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் இறங்கி வாங்கிய ஒரு கட்டைப்பையும் கொண்டுவந்திருந்தார்கள். "பேத்திக்குப் பால் பவுடர் மைனி" என்று அத்தை அந்தப் பையை அம்மா கையில் கொடுத்தார்.

எங்கள் பக்கம் ஒரு பழக்கம் உண்டு. சம்மந்தி வீட்டார் கொண்டுவந்த பையை அவர்கள் முன்னால் பிரிக்கக் கூடாது. பிரித்தால், என்ன கொண்டுவந்தீர்கள் என்று சோதிக்கிற மாதிரி ஆகிவிடும். அம்மா அதை அப்படியே கொண்டுபோய் ஃப்ரிட்ஜ் தலையில் வைத்தாள். அப்பா ஒரு நிமிடம் யோசித்தார். அவர்கள் பை பிரிக்காமல் இருக்கும்போது நம் பையைப் பிரித்தால், உங்களுடையது தேவையில்லை என்று சொன்னதாகிவிடும். மஞ்சள் பையும் ஃப்ரிட்ஜ் தலைக்குப் போனது.

அதற்குப் பிறகு கூடத்தில் நடந்ததை நான் அறைக்குள் பிள்ளையோடு உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தேன்.

"நீங்க கொண்டாந்ததையே குடுப்போம் மைனி" என்றார் அப்பா.

"அதெப்படி அண்ணாச்சி? பிள்ளை உங்க வீட்டுல கெடக்கு. நீங்க வாங்கினதுதான் மொதல்ல."

"உங்க வீட்டுப் பிள்ளைல்லா அது. உங்க கையால ஆரம்பிக்கதுதான் முறை."

"முறைன்னு பாத்தா பொறந்த வீட்டுச் சீருதான் முன்னால."

சண்டை போட்டிருந்தால் பத்து நிமிடத்தில் முடிந்திருக்கும். யாராவது ஒருவர் ஜெயித்திருப்பார். இது விட்டுக்கொடுக்கிற போட்டி, இரண்டு பக்கமும் தோற்பதற்கு முட்டிமோதின. இதற்கிடையே காப்பி வந்தது, முறுக்கு வந்தது, பிள்ளை இரண்டு தடவை வீறிட்டு அடங்கினாள். "எது குடுத்தாலும் ஒண்ணுதான், ஆனா நாளைக்கு ஒத்துக்கலன்னா யாரு வாங்கினதுன்னு ஒரு பேச்சு வரும்லா" என்று கடைசியில் மாமா உண்மையைச் சொன்னார். எல்லோருடைய பயமும் அதுதான்.

என் பயம் வேறு. அதை இன்று சொல்லிவிடுகிறேன். நான் எழுந்து போய் ஏதாவது ஒரு பையைப் பிரித்திருக்கலாம், என் கையை யாரும் பிடித்திருக்க மாட்டார்கள். எனக்கு மனசில்லை. அந்த டப்பா திறக்காத வரைக்கும் என் பால் போதும் என்று நான் நினைத்துக்கொள்ளலாம். திறந்துவிட்டால் போதவில்லை என்று ஆகிவிடும். இன்னொன்றும் இருந்தது. அந்த ருசி பழகிவிட்டால் அவள் என்னிடம் வர மாட்டாள் என்று நினைத்தேன். அவர்கள் பேசப் பேச, இன்னும் கொஞ்ச நேரம் பேசட்டும் என்றுதான் இருந்தது. பிள்ளை பசியில் தன் கையைச் சப்பிக்கொண்டிருந்தாள், நான் சம்மந்திகளின் மரியாதைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டிருந்தேன்.

"அம்மன்கிட்ட பூக்கட்டிப் பாத்துருவோமே" என்றார் மாமா. எல்லோருக்கும் உயிர் வந்தது. வெள்ளைப் பூ ஒன்று, சிவப்புப் பூ ஒன்று, தனித்தனிப் பொட்டலம். சந்நிதியில் வைத்து ஒரு சின்னப் பிள்ளையை எடுக்கச் சொல்வது. கல்யாணத்துக்கும் கிணறு வெட்டுவதற்கும் பார்க்கிறதுதான், பால் பவுடருக்குப் பார்த்ததாக நான் கேள்விப்பட்டதில்லை. ஆனால் மத்தியானம் நடை சாத்திவிடுவார்கள், சாயங்காலம்தான் திறக்கும். அதுவரைக்கும் மூன்று கறியோடு சாப்பாடு நடந்தது.

"பிள்ளை கத்துதாம்மா" என்றேன்.

"செத்த பொறுட்டி. சம்மந்தி முகம் கோணிரக் கூடாது."

கோயம்புத்தூரில் வேலை பார்க்கிற என் வீட்டுக்காரருக்குப் போன் போட்டேன். "எல்லாரும் நல்லதுக்குத்தான செய்யுதாங்க" என்றார். பாதியில் வைத்துவிட்டேன்.

நாலு மணிக்கு நாலு பேரும் கிளம்பினார்கள். ஒருவர் வீட்டில் இருக்கலாமே என்றேன். முடியாதாம், இரண்டு பக்கமும் சரிசமமாகச் சாட்சி இருக்க வேண்டுமாம். எனக்கு நாற்பது நாள் தீட்டு கழியாததால் கோயிலுக்குப் போகக் கூடாது. வாசலில் ஆட்டோ சத்தம் ஓய்ந்ததும் வீட்டில் பிள்ளை அழுகை மட்டும் இருந்தது. அவளை இரண்டு பக்கமும் மாற்றி மாற்றிப் போட்டேன். இழுத்துப் பார்த்தாள், விட்டுவிட்டு என் முகத்தைப் பார்த்து அழுதாள். அதற்கு மேல் கண்ணீர் வராத ஒரு வறட்டு அழுகை வந்தது. அந்தச் சத்தம்தான் என்னை எழுப்பியது. என் மானமும் மரியாதையும் எங்கேயாவது போகட்டும் என்று அவளைத் தோளில் போட்டுக்கொண்டு ஃப்ரிட்ஜ் பக்கம் போனேன்.

மஞ்சள் பையைப் பிரித்தேன். ஒரு டப்பா. மனசு கேட்காமல் கட்டைப்பையையும் பிரித்தேன். அதே டப்பா. அதே கம்பெனி, அதே ஒண்ணாம் நம்பர், அதே மருந்துக் கடையின் ரசீது. பிள்ளை அழ அழ நான் நின்றுகொண்டு சிரித்தேன். பக்கத்து வீட்டு மாமி பார்த்திருந்தால் பேய் பிடித்துவிட்டது என்று சொல்லியிருப்பாள்.

கைக்கு முதலில் வந்ததைத் திறந்தேன். தண்ணீரைக் கொதிக்கவைத்து ஆறவிட்டு, டப்பாவில் போட்டிருந்தபடி அளந்து கலக்கி, சுடுதண்ணீரில் போட்டெடுத்த சங்கால் சொட்டுச் சொட்டாகப் புகட்டினேன். முதல் வாய்க்கு முகத்தைச் சுளித்தாள். இரண்டாவது வாய்க்குச் சங்கையே கவ்வினாள். ஒரு சொட்டு மிச்சம் வைக்கவில்லை. குடித்து முடித்ததும் முஷ்டி தளர்ந்து, உள்ளங்கை விரிந்து, தூங்கிப் போனாள். அவள் உள்ளங்கை விரிந்து நான் பார்த்தது அன்றைக்குத்தான். இத்தனை நாள் பட்டினி போட்டேனே என்று அப்போதுதான் அழுதேன்.

ஆறு மணிக்கு நாலு பேரும் புற்றுமண்ணும் திருநீறுமாக வந்தார்கள். "வெள்ளைப் பூ வந்துட்டு!" என்றாள் அம்மா. முகத்தில் சந்தோஷம் இல்லை. ஆட்டோவிலேயே பிரச்சினை கிளம்பியிருந்தது. பூக்கட்டும்போது மனசுக்குள் நினைத்துக்கொள்வதுதான் வழக்கம், வாய்விட்டுச் சொல்வதில்லை. அப்பா மரியாதைக்கு, வெள்ளை என்றால் சம்மந்தி டப்பா என்று நினைத்திருக்கிறார். அத்தையும் மரியாதைக்கு, வெள்ளை என்றால் அப்பா வாங்கிய டப்பா என்று நினைத்திருக்கிறார். அம்மனே விட்டுக்கொடுத்துவிட்டாள்.

இரண்டு டப்பாவையும் சாப்பாட்டு மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். ஒன்று திறந்திருந்தது.

நாலு பேரும் குனிந்து பார்த்தார்கள். அப்பா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இரண்டையும் தூக்கி, திருப்பி, அடிப்பக்கத்தை வெளிச்சத்தில் பிடித்தார்.

"பேட்ச் நம்பர் வேற" என்றார்.

"அப்படியா அண்ணாச்சி?" அத்தை அவசரமாகப் பக்கத்தில் வந்தார்.

"உரத்துலயே பேட்ச் மாறினா குணம் மாறும் மைனி. இப்ப தெறந்தது யாரு பேட்ச்?"

எனக்கும் தெரியவில்லை. பைகள் இரண்டும் தரையில் கிடந்தன. மாமா ரசீதுகளை எடுத்துப் பார்த்தார், அதில் பேட்ச் நம்பர் இல்லை. மருந்துக் கடைக்குப் போன் போட்டுக் கேட்கலாம் என்றாள் அம்மா. அந்தச் சத்தத்தில் மகள் விழித்துக்கொண்டாள்.

நான் அறைக்குப் போய் அவளை எடுத்தேன். வயிறு உருண்டையாக நிறைந்திருந்தது, உதட்டோரம் பவுடர் பாலின் வெள்ளை காய்ந்திருந்தது. பசிக்கு எந்த நியாயமும் இல்லை. இனி என்ன, வர மாட்டாள் என்று நினைத்துக்கொண்டுதான் தோளில் சாய்த்தேன். அவள் தலையை உருட்டி உருட்டி என் நெஞ்சைத் தேடினாள். கிடைத்ததும் இழுக்கவில்லை, அவசரப்படவில்லை. சும்மா வாயில் வைத்துக்கொண்டு, விரிந்த கையை என் மேல் வைத்தபடி, கண்ணைத் திறந்து என்னைப் பார்த்துக்கொண்டு கிடந்தாள்.

அறை வாசலுக்குப் பக்கத்தில் வந்து நின்ற அப்பா, "குடிக்காளாட்டி? இரு, தராசைக் கொண்டாரேன்" என்றார்.

"வேண்டாம்ப்பா" என்றேன். "இது எடைக்குக் குடிக்கது இல்ல."